ஆம்புலன்ஸ் போகாத தெரு

வீடு மாற வேண்டும் என்று முடிவு செய்தது மனைவிதான். அவன் மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது? அவர்கள் குடியிருந்தது பெரிய நாற்சந்தியில், டயர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடி. சிக்னலில் நின்ற லாரிகள் கிளம்பும்போதெல்லாம் அலமாரியில் இருக்கும் டம்ளர்கள் கிணுகிணுக்கும். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் புழுக்கம். ஐந்து வயதுச் சின்னவனுக்கு, வாலு என்று கூப்பிட்டால் மட்டுமே திரும்பிப் பார்க்கும் அவனுக்கு, விளையாட இருந்த ஒரே இடம் கீழே பழைய டயர்கள் அடுக்கிக் கிடந்த முற்றம்தான். ஆறாவது படிக்கும் மகள் ஒரு நாள் பள்ளி விட்டு வரும்போது, திருப்பத்தில் ஒரு லாரி அவள் முதுகுப் பையை உரசி இழுத்துவிட்டுப் போனது. பைதான் கிழிந்தது, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கிழிந்த பையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி கட்டிலில் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது, இனி இந்த வீட்டில் இருக்கப் போவதில்லை என்று.

"பிள்ளைங்கள வளர்க்கிற இடமா இது? நல்ல ஏரியாவா பார்ப்போம். தூரமா இருந்தாலும் பரவாயில்ல" என்றாள்.

எது நல்ல ஏரியா என்பதில்தான் தகராறு வந்தது.

அவன் ஆம்புலன்ஸ் டிரைவர். ஊரில் அவன் வண்டி நுழையாத தெரு அநேகமாகக் கிடையாது. ஒரு தெருவின் பேரைச் சொன்னால் மற்றவர்களுக்கு அங்கே இருக்கும் கடையோ, தெரிந்தவர் வீடோ ஞாபகம் வரும். அவனுக்கு அங்கிருந்து தூக்கிக்கொண்டு வந்த ஆளின் முகம்தான் வரும்.

மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டும் வேலை. வேலை முடிந்து வந்ததும் வீட்டுத் தரகரோடு போனில் உட்கார்ந்துவிடுவாள். எப்போதும் ஒரு வளையம் நிறையச் சாவிகளைக் குலுக்கிக்கொண்டே திரிந்ததால் தரகருக்கு அவர்கள் வைத்த பேர் சாவிக்கொத்து. சாவிக்கொத்து ஆற்றோரத்தில் ஒரு வீடு காட்டினார். காற்று அள்ளிக்கொண்டு போனது. அவன் வாசலிலேயே நின்றுகொண்டு, "வேணாம்" என்றான். ஒன்பதாவது மாடியில் ஒரு ஃப்ளாட் காட்டினார். லிஃப்ட், கீழே சறுக்குமரம், ஊஞ்சல், எல்லாம் இருந்தது. பால்கனிக் கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தண்ணி சரியா ஏறாது" என்றான். ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு வீட்டை உள்ளே போய்ப் பார்க்கக்கூட இல்லை.

"சார் வீடு பார்க்க வர்றாரா, வீட்டுக்கு ஜுரம் பார்க்க வர்றாரா?" என்று சாவிக்கொத்து சிரித்தார். மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை.

"உங்களுக்கு என்னதான் பிரச்னை? வாயத் திறந்து சொல்லுங்களேன்" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"அந்த மாதிரி ஒரு பால்கனிலருந்து ஒரு குழந்தை..." என்று ஆரம்பித்தான். அவள் சட்டென்று அவன் வாயைப் பொத்திவிட்டாள். கையை எடுக்காமலே, "இனிமே வேணாம்னு மட்டும் சொல்லுங்க, போதும். காரணம் சொல்லாதீங்க" என்றாள்.

அதன் பிறகு அவன் வேணாம் என்று சொல்வதும் அவள் காரணம் கேட்காமல் விடுவதுமாகப் பல வீடுகள் கழிந்தன. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவிக்கொத்து அவர்களை ஊரின் மறுகோடிக்கு அழைத்துப் போனார். தண்ணீர்த் தொட்டி தாண்டி இடப்பக்கம் திரும்பினால் ஒரு முட்டுச்சந்து. இருபுறமும் மரங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் மதில், இரும்பு கேட், அழைப்பு மணி. தெருவுக்குப் பின்னாலேயே பள்ளிக்கூடம். கடக்க வேண்டிய பெரிய ரோடு ஒன்றுகூட இல்லை. டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று மட்டும் ஆமைபோல ஊர்ந்து வந்து, தெருக்கோடியில் முன்னும் பின்னும் நகர்ந்து திரும்பிப் போனது. அவ்வளவுதான் போக்குவரத்து.

மனைவி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்தான். யாருடைய முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"இந்தத் தெருவுக்கு நான் ஒரு தடவைகூட வண்டி எடுத்துட்டு வந்ததில்ல" என்றான்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. சாவிக்கொத்துக்கும் அப்பாடா என்றிருந்தது.

பழைய கட்டடத்தை விட்டுக் கிளம்பும்போது டயர் கடைக்காரரின் மனைவி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்தால் இவர்கள் வரும்வரை அந்த அக்கா வீட்டில்தான் கிடப்பார்கள். அங்கே எந்த வீட்டுக் கதவும் பகலில் மூடி இருக்காது. யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் குழம்பு தீய்ந்தது எல்லாம் மாடிப்படி முழுக்கத் தெரிந்துவிடும். மனைவிக்கு அதுவே பெரிய எரிச்சல். "போற இடத்துல சாயந்தரம் யாரு பார்த்துப்பா?" என்று அக்கா கேட்டாள்.

"பெரியவ இருக்காளேக்கா. பள்ளிக்கூடம் பின்னாலதான். சாவி கொடுத்துடுவோம்."

மகளிடம் சாவியைக் கொடுத்த அன்று அவனே சொல்லிக்கொடுத்தான். உள்ளே வந்ததும் கேட்டைப் பூட்டிவிட வேண்டும். யார் வந்து மணி அடித்தாலும், என்ன சொன்னாலும் திறக்கக் கூடாது. அப்பாவுக்கு அடிபட்டுவிட்டது என்று சொன்னால்கூடத் திறக்கக் கூடாது. அவள் பெரிய மனுஷிபோலத் தலையாட்டினாள்.

டயர் கடை மாடியில் ஓயாமல் இருந்த சின்னவனின் இருமல் புது வீட்டில் நின்றது. இரவில் லாரிச் சத்தம் இல்லாமல் முதல் வாரம் யாருக்கும் தூக்கம் வரவில்லை. பிறகு எல்லாரும் நன்றாகத் தூங்கினார்கள். மகள் மட்டும், "இந்தத் தெருவுல மனுஷங்களே இல்லையாம்மா?" என்று ஒரு தடவை கேட்டாள். கேட் திறக்கும், கார் வெளியே போகும், கேட் மூடிக்கொள்ளும். எதிர்வீட்டுக்காரரின் மதிலில் ஒரு கேமரா இருந்தது. சின்னவன் தினமும் அதைப் பார்த்து நாக்கை நீட்டுவான். அந்தத் தெருவில் அவனுக்கு இருந்த ஒரே அறிமுகம் அதுதான்.

அந்த வியாழக்கிழமை சாயந்தரம் அவன் ஊரின் வடக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு வந்தான். மாரடைப்பு. பின்னால் நர்ஸ் அவருக்கு ஆக்சிஜன் வைத்துக்கொண்டிருந்தாள். பெரியவரின் மனைவி அவர் காலைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தாள். மேம்பாலம் ஏறும்போது அவன் போன் அடித்தது. வீட்டில் பிள்ளைகளுக்காக வைத்துவிட்டு வரும் பழைய போனின் நம்பர். வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டான் என்று மகளுக்குத் தெரியும். கட்டாகி மறுபடி அடித்தது. மறுபடியும். அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"அப்பா, தம்பிய குளவி கொட்டிடுச்சுப்பா. பின்னால ஜன்னலுக்கு மேல கூடு இருந்திருக்கு, பந்து எறிஞ்சுட்டான். மூஞ்சியெல்லாம் வீங்குதுப்பா."

"எத்தனை கொட்டுச்சு? வாந்தி எடுத்தானா?"

"எடுத்தான். உதடு பெருசாயிடுச்சு. பேச மாட்டேங்கிறான். மூச்சு விடறப்ப விசில் மாதிரி சத்தம் வருதுப்பா."

அது என்ன சத்தம் என்று அவனுக்குத் தெரியும். பின்னால் நர்ஸுக்கும் தெரியும். கண்ணாடியில் அவள் கண்கள் ஒரு கணம் அவனைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்தன. அதற்கான ஊசி மருந்து அவன் முதுகுக்குப் பின்னால், அவள் கையெட்டும் தட்டில்தான் இருந்தது.

ஒரு கையால் வயர்லெஸ்ஸை எடுத்தான். கண்ட்ரோல் ரூமில் மைக் அக்கா என்று எல்லாரும் கூப்பிடும் பெண் இருந்தாள். தெருப் பேரைச் சொன்னான்.

"அந்தப் பேர்ல ரெண்டு தெரு காட்டுது அண்ணே. எது?"

"ரெண்டும் இல்லக்கா! தண்ணி டேங்க் தாண்டி இடப்பக்கம், முட்டுச்சந்து. என் வீடுக்கா. என் பையன்."

ஒரு நொடி வயர்லெஸ் கரகரத்தது. "அந்தப் பக்கம் இப்ப வண்டி இல்ல. சந்தைப் பக்கத்துலருந்து ஒண்ண அனுப்பறேன். இருபது நிமிஷமாவது ஆகும். அண்ணே, நீங்க..." என்று இழுத்தாள்.

மேம்பாலத்துக்குக் கீழே ரோடு இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் போனால் வீடு. வலது பக்கம் பெரிய ஆஸ்பத்திரி. பின்னால் பெரியவரின் மனைவி ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "போங்க தம்பி, போங்க" என்றாள். எங்கே போகச் சொன்னாள் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் குரலில் இரண்டும் இருந்தன. அவன் வலது பக்கம் திருப்பினான்.

"குட்டிம்மா, கேட்டத் திறந்துட்டு வெளிய ஓடு. எல்லா வீட்டு மணியையும் அடி. கார் இருக்கிறவங்க யாராவது வருவாங்க."

"யாருக்கும் கேட்டத் திறக்கக் கூடாதுன்னு சொன்னியேப்பா?"

"திறம்மா. இப்பத் திற."

அவள் போனைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடியிருக்க வேண்டும். மணிச் சத்தம் கேட்டது. நாய் குரைத்தது. "ஆன்ட்டி! அங்கிள்! தம்பிக்கு மூச்சு முட்டுது!" இன்னொரு மணி. ஒரு சின்ன ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண் குரல், "யாரும்மா நீ? வீட்ல பெரியவங்க இல்ல, அப்புறம் வா" என்றது. மகள் மறுபடி அடித்தாள். பதில் இல்லை. மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். பிறகு தடாலென்று ஏதோ விழுந்த சத்தம், அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது. அவன் திருப்பி அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது.

மனைவியைக் கூப்பிட்டான். லென்ஸ் தீட்டும் அறைக்குள் போனுக்கு அனுமதி இல்லை. மேசை டிராயரில் அதுவும் சும்மா அடித்துக்கொண்டிருந்திருக்கும்.

ஊரில் உள்ள எல்லார் வீட்டுக்கும் சைரன் போட்டுக்கொண்டு போன மனுஷன் அவன். அன்றைக்கு அந்தச் சைரன் அவன் தலைக்கு மேலே அலற, வீட்டிலிருந்து தூரமாகப் போய்க்கொண்டிருந்தான். ஒவ்வொரு வண்டியும் ஒதுங்கி அவனுக்கு வழி விட்டது. யாராவது ஒருவன் வழி விடாமல் நின்றிருந்தால்கூட இறங்கி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பான். அதற்கும் வழி இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கிக்கொண்டிருந்தபோது வயர்லெஸ் பேசியது. "அண்ணே, வண்டி உங்க தெருவுக்குப் போயிடுச்சு. வீட்ல யாரும் இல்லயாம். கேட் திறந்து கிடக்காம். போன் ஒண்ணு ரோட்ல கிடந்துச்சாம்."

அவன் வண்டியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். நர்ஸ், "அண்ணே, இவங்கள நான் உள்ள விட்டுக்கிறேன், நீங்க கிளம்புங்க" என்றாள். எங்கே கிளம்புவது? காலி வண்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றி, கேட்டுக்கே வந்து நின்றான். எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

மைக் அக்காதான் மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை அவள் குரலே வேறு மாதிரி இருந்தது. "தண்ணி டேங்க் பக்கத்துல ஒரு கிளினிக்லருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தணும்னு வண்டி கேக்கறாங்க. அஞ்சு வயசுப் பையன், குளவி. ஊசி போட்டாச்சாம். மூச்சு வருதாம். கேக்குதா? மூச்சு வருதாம் அண்ணே. கேஸ் உங்களுக்குத்தான். போய் எடுத்துட்டு வாங்க."

அவன் போனபோது சின்னவன் மூக்கில் குழாயோடு கண்ணை மூடிக் கிடந்தான். முகம் அடையாளமே தெரியவில்லை. மகள் பெஞ்சில் ஒரு கால் செருப்போடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒருவரும், முகமெல்லாம் வேர்த்துப்போன ஒரு நடுத்தர வயதுப் பெண்ணும் நின்றார்கள். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரும் அவரிடம் கார் கற்றுக்கொள்ள வந்த அம்மாவும். யாரும் திறக்காததால் வீட்டுக்குத் திரும்பி ஓடி, தம்பியை முதுகில் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்கு ஓடிய மகள், ஊர்ந்து வந்த அந்தக் காரின் முன்னால் போய் விழுந்திருக்கிறாள்.

"நல்லவேளை சார், மேடம் பிரேக் போட்டாங்க" என்றார் மாஸ்டர்.

"நான் போடல. நீங்கதான் உங்க பக்கத்து பிரேக்க மிதிச்சீங்க" என்று அந்த அம்மா சொல்லிவிட்டு அழுதாள்.

அவன் இருவர் கையையும் பிடித்துக்கொண்டான். மகனை ஏற்றி, கிளினிக் நர்ஸும் பின்னால் ஏறிய பிறகு, மகள் முன்சீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ ஏன்பா வரல?"

"வண்டில ஒரு தாத்தா இருந்தாரும்மா. ரொம்ப முடியாம இருந்தாரு."

"அந்தத் தாத்தா நல்லாயிட்டாரா?"

"தெரியலம்மா."

அவள் ஒற்றைச் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

சின்னவன் சில நாட்களில் வீடு திரும்பினான். அடுத்த முறை கொட்டினால் இதைவிட மோசமாகலாம், ஊசி எப்போதும் கைவசம் இருக்க வேண்டும், குளவி வரும் இடத்தில் குடியிருக்காமல் பார்த்துக்கொண்டால் நல்லது என்று டாக்டர் சொன்னார்.

"குளவி வராத இடம் எங்க சார் இருக்கு?" என்று மனைவி கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. இருந்தால் அன்றைக்கே போய்விடலாம் என்றுதான் கேட்டாள். டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

எதிர்வீட்டுக்காரர் ஒரு சாயந்தரம் பழப் பையோடு வந்தார். வாசலிலேயே நின்றார். "உங்க பொண்ண கேமராவுல பார்த்தேன் சார். பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். பிள்ளைய அழ விட்டு, கதவத் திறந்ததும் உள்ள புகுந்துடறாங்கன்னு சொல்றாங்களே. வீட்ல நானும் என் சம்சாரமும் மட்டும்தான். பயந்துட்டேன். தப்புதான்" என்றார்.

அவரைத் திட்ட வேண்டும் என்று எத்தனையோ நாள் மனதுக்குள் வார்த்தை சேர்த்து வைத்திருந்தான். யார் வந்தாலும் திறக்காதே என்று மகளுக்குத் தான் சொல்லிக்கொடுத்ததுதான் அப்போது ஞாபகம் வந்தது. பழப் பையை வாங்கிக்கொண்டான். "உக்காருங்க" என்றான். மகள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுபடியும் பழைய இடத்துக்கே போய்விடலாம் என்று மனைவிக்கு ஓர் ஆசை. நால்வரும் போனார்கள். அவர்கள் இருந்த வீட்டில் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று குடிவந்திருந்தது. டயர் கடை அக்கா சின்னவனைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். "வேற வீடு காலியானா சொல்றேன், வந்துடுங்க" என்றாள். கீழே இறங்கி நடைபாதையில் நின்றபோது ஒரு லாரி திருப்பத்தில் கிட்ட வந்து போனது. மனைவி சின்னவனின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். லாரி போன பிறகும் விடவில்லை. "வேணாங்க. வாங்க போயிடலாம்" என்றாள்.

சாவிக்கொத்து மறுபடியும் வந்தார். இந்தத் தடவை ஒரு மாடி வீடு. நடுத்தரமான தெரு. மரமும் கொஞ்சம், கடையும் கொஞ்சம், பள்ளிக்கூடத்துக்கு பஸ். மனைவி ஜன்னல்களுக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்தாள். அவன் சமையலறைக்குள் நின்றுகொண்டிருந்தான். இந்தத் தெருவிலிருந்து அவன் இரண்டு பேரை ஏற்றியிருக்கிறான். ஒருவர் பிழைத்தார். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று இப்போது அவனுக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை.

மகளைக் காணவில்லை. கீழே போய்ப் பார்த்தான். அவள் தெருவில் வீடு வீடாக மணி அடித்துக்கொண்டு போனாள். அடித்துவிட்டுக் கைகட்டி நிற்பாள். யாரும் வரவில்லை என்றால் அடுத்த வீடு. ஒரு வீட்டில் ஈரக் கையோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள்.

"என்ன பாப்பா வேணும்?"

"ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. திறக்கிறீங்களான்னு பார்த்தேன்."

அந்தப் பெண் அவனைப் பார்த்தாள். அவன் மகளின் தோளைப் பிடித்து அழைத்து வந்தான்.

"என்ன சொல்றீங்க? பேசி முடிச்சிடலாமா?" என்று மனைவி கேட்டாள்.

"உன் இஷ்டம்."

"எல்லாத்தையும் என் தலைல கட்டாதீங்க" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. சாவிக்கொத்து கையில் இருந்த வளையத்தைக் குலுக்காமல் நின்றார்.

அந்த வீட்டையே எடுத்தார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை என்பதற்காக இல்லை, இன்னொரு வீட்டைப் போய்ப் பார்க்க யாருக்கும் தெம்பு இல்லை. மனைவி சாயந்தர வேலையை விட்டுவிட்டு மதியத்தோடு வந்துவிடுகிறாள். சின்னவனின் ஊசி ஒன்று வீட்டில், ஒன்று பள்ளிக்கூடத்தில், ஒன்று அவளுடைய கைப்பையில் இருக்கிறது. சின்னவன் மறுபடியும் இருமுகிறான்.

காலையில் அவன் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது மகள் வாசல்வரை வருகிறாள். "இன்னைக்கு எந்தப் பக்கம்பா வண்டி?" என்று கேட்கிறாள். எந்தப் பக்கம் என்பது மைக் அக்கா சொன்னால்தான் அவனுக்கே தெரியும்.

"இந்தப் பக்கம்தாம்மா. பக்கத்துலதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு இறங்குகிறான்.